கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கம், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதி நிரப்பிய கடிதம். அவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 52. ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலையை எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. மனைவி, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். ‘மூன்றாம் பிறை’ அவருக்கு உயிரான படம். பத்து வயதில் அப்பாவோடு தியேட்டரில் பார்த்தது, நம்ம ஊரை சினிமாவில் காட்டுகிறார்கள் என்று அன்று ஒரே பெருமை. அப்போதெல்லாம் அழவில்லை. ஆனால் இரண்டு வருடமாக, கேத்தி ஸ்டேஷனில் எடுத்த அந்தக் கடைசிக் காட்சி வந்தால் தேம்பித் தேம்பி அழுகிறார். பஸ்ஸில் அந்தப் படத்தின் ‘கண்ணே கலைமானே’ பாட்டைப் போட்டால் உட்கார முடியவில்லை. ஒருநாள் கட்டபெட்டிலேயே இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார். வாரத்தில் மூன்று நான்கு இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு குவார்ட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுப் பார்க்கிறார். பொங்கல் லீவுக்கு வந்த மகள் அவர் அழுவதை மறைந்திருந்து வீடியோ எடுத்து, ‘எங்க அப்பா சீனு’ என்று, படத்தில் கமல் நடித்த பாத்திரத்தின் பெயரைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மகளோடு சரியாகப் பேசவில்லை. மச்சான் இதை நரம்புத் தளர்ச்சி என்கிறார். கூட வேலை பார்ப்பவர் தூக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார்.

மூன்றாவது பக்கத்தில், வேறு ஏதோ சொல்லவந்து இடையில் சொல்வதுபோல, அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1974-இல் அம்மா இவரை இரண்டு வயதுப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்து, முதுகு வளையும்வரை கொழுந்து எடுத்தவர். எழுபதைத் தாண்டியதும் மறதி நோய் வந்தது. கடைசி ஒன்றரை வருடம் மகனை அடையாளம் தெரியவில்லை. கொழுந்தை எடை போட்டுக் கணக்கு எழுதும் பழைய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, இவர் அறைக்குள் வந்தாலே எழுந்து நிற்பாராம். “முப்பத்திரண்டு றாத்தல்ங்க ஐயா” என்பாராம். றாத்தல் என்பது அந்தக் காலத்து எடை அளவு, ஒரு பவுண்டு. ஒருநாள் பொறுக்க முடியாமல், “நான் கணக்கப்பிள்ளை இல்லம்மா, உன் மகன்மா” என்று இவர் கத்த, அந்த அம்மா பயந்துபோய்க் கைகூப்பி, “குறைச்சுப் போட்டுறாதீங்க ஐயா” என்றிருக்கிறார். அதன் பிறகு அந்த அறைக்குள் போவதையே இவர் குறைத்துக்கொண்டார். கடைசி வாரம் ஒருநாள் மட்டும் பாக்கெட் நோட்டை எடுத்து, அம்மா பார்க்கும்படி ‘32 றாத்தல்’ என்று எழுதிக் காட்டினாராம். அம்மா சிரித்தாராம். நான்கு நாளில் இறந்துவிட்டார், அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சாவு வீட்டில் இவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

கேள்விகள் இவை. இது மனநோயா? மாத்திரை சாப்பிட வேண்டுமா? அம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வருவதற்கு இந்த அழுகை அறிகுறியா? படத்தைப் பார்ப்பதையே விட்டுவிடவா? கடைசியாக, பேனாவை அழுத்தி எழுதிய ஒரு வரி: “பெத்த தாய் சாவுக்கு வராத அழுகை ஒரு சினிமாவுக்கு வருதே, நான் எல்லாம் ஒரு மனுஷனா?”

அண்ணா, உங்களை அப்படியே அழைக்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்ற நான்குக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

சினிமாவுக்கு வந்த அழுகையா இது?

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் மேஜையில் வைத்துப் படித்தேன். முதல் பக்கத்தில் ஒரு மனிதன் மழையில் ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறான். அவன் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு அவனைத் தெரியவில்லை. கத்துகிறான், கெஞ்சுகிறான், அவளைச் சிரிக்கவைக்க முன்பு செய்த குரங்குச் சேட்டையைக்கூடச் செய்து பார்க்கிறான். யாரோ பைத்தியம், சாப்பாட்டுக்குக் கையேந்துகிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். ரயில் போய்விடுகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு மகன் அம்மா முன்னால் நின்று நான் உன் மகன் என்று கத்துகிறான். அம்மா கண்ணுக்கு அவன் கணக்கப்பிள்ளை. அப்புறம் அம்மா போய்விடுகிறார்.

இரண்டும் ஒரே காட்சி, அண்ணா. பத்து வயதில் பார்த்தபோது வராத அழுகை இரண்டு வருடமாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இந்த நாற்பது வருடத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. நீங்கள் அழுவது உங்கள் அம்மாவுக்காக. சாவு வீட்டில் வரவேண்டிய அழுகை வழி தெரியாமல் சுற்றிக்கொண்டு கேத்தி ஸ்டேஷன் வழியாக வருகிறது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் ஊர் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். செத்தவருக்கும் தனக்கும் பெரிய ஒட்டுறவு இல்லாத ஒரு பெண்கூட வந்து, நாலு பேரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தவுடன் தலைவிரித்து அழுவார். காது கொடுத்துக் கேட்டால், பாதிப் பாட்டு அவருடைய சொந்தக் கதையாக இருக்கும். சின்ன வயதில் செத்த தம்பி, கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாடு, திரும்பப் பார்க்காமலே போன ஊர். யாரும் அவரை, இவருக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று கேட்கமாட்டார்கள், அந்த இடத்தில் அது முறை. பெண்களுக்கு இப்படி ஒரு வாசல் இருந்தது. நம் ஆண்களுக்கு அந்த நேரத்தில் பந்தல் போடுவது, தேருக்குப் பூ சொல்வது, குழி வெட்ட ஆள் பார்ப்பது, வந்தவர்களுக்கு டீ கொடுப்பது என்று வேலையை மட்டும் கொடுத்துவிட்டோம். நீங்களும் அன்று ஓடிக்கொண்டே இருந்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிறவனுக்கு அழுகை வராது. உட்காரும்போதுதான் வரும். உங்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது, அது ஒரு படத்தின் கடைசிக் காட்சியாக அமைந்துவிட்டது.

என் அப்பாவும் இந்த மலையில் வேலை பார்த்தவர்தான். அவருக்கு ‘முள்ளும் மலரும்’ (1978). கடைசியில் கல்யாண ஊர்வலத்திலிருந்து தங்கை திரும்பி அண்ணனிடம் ஓடிவரும் இடம் வந்தால், அப்பா எழுந்து, கணப்புக்கு விறகு எடுத்துவருகிறேன் என்று வெளியே போய்விடுவார். ஏற்கனவே கணப்பு நிறைய விறகு இருக்கும். அம்மா எங்களைப் பேசாமல் இருக்கும்படி ஜாடை காட்டுவார். அப்பாவின் தங்கை பதினாறு வயதில் காய்ச்சலில் இறந்தவர் என்பது எனக்கு அப்பா இறந்த பிறகு பெரியப்பா சொல்லித்தான் தெரியும். இன்றைக்கு என்னிடம் யாராவது ஒரு படத்தின் பெயரைச் சொல்லி அழுகிறேன் என்றால், நான் படத்தைப் பற்றிக் கேட்பதைவிட, எந்த நிமிடத்தில் அழுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அப்பாவின் விறகு எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. அழுகை நான்கு காரணத்தால் வரும் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் நம்மைக் கீழாக நினைப்பது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. உங்கள் கடிதத்தை இதோடு ஒட்டிப் பாருங்கள். அம்மா போனது இழவு. மகனாக இருந்தவன் அம்மா கண்ணில் எடையைக் குறைத்துப் போடுகிற கணக்கப்பிள்ளையாகத் தெரிந்தது இளிவு. கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர் கைகூப்பி நடுங்கும் நிலைக்கு வந்தது அசைவு. முப்பத்திரண்டு றாத்தல் எடுத்தும் எங்கே குறைத்து எழுதிவிடுவார்களோ என்று எழுபது வயதைத் தாண்டியும் பயப்பட வைத்தது வறுமை. நான்கும் ஒரே ஆளுக்கு, ஒரே அறைக்குள் நடந்திருக்கிறது. உங்கள் அழுகைக்குக் காரணம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு செய்தி, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா இலங்கையில், மட்டக்களப்பில் பிறந்தவர். அங்கிருந்து வந்து இந்த மலையின் மூடுபனி வெளிச்சத்தைப் படம் பிடித்தவர். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு அவருக்கும் நடிப்புக்குக் கமல்ஹாசனுக்கும் தேசிய விருது கிடைத்தது. இதை வைத்து நான் பெரிதாக எதுவும் முடிச்சுப் போடவில்லை. அந்தக் கரையை விட்டு வந்த இன்னொருவரின் கண் வழியாகத்தான் உங்கள் அழுகை வருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது, அதனால் சொல்கிறேன்.

நோயா என்றால்

படம் பார்த்து அழுவது நோய் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை. மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தூக்கம் வராவிட்டாலும் கை நடுங்கினாலும் கண் கலங்கினாலும் எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் போட்டு மூடிவிடுகிறோம், அதனால் சரியான இடத்துக்குப் போக வேண்டியவர்கள் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூளை நரம்பு சம்பந்தமான ஓர் அழுகை உண்மையிலேயே உண்டு. பக்கவாதம் போன்றவை வந்தவர்களில் சிலருக்கு, மனதில் துக்கமே இல்லாதபோதும் திடீரென்று அழுகையோ சிரிப்போ அடக்க முடியாமல் வரும், அவர்களுக்கே ஏன் என்று தெரியாது. உங்களுடையது அப்படி இல்லை. குறிப்பிட்ட காட்சி, குறிப்பிட்ட பாட்டு, உள்ளே அதற்கேற்ற வலி எல்லாம் இருக்கிறது.

அப்புறம் அந்த மறதி பயம். அழுகை மறதி நோயின் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதான காலத்தில் வரும் மறதி நோய் பெரும்பாலும் அப்படியே பிள்ளைக்கு இறங்குவதில்லை. பெற்றவர்களுக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். இளம் வயதிலேயே தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள் மிக அரிது. உங்கள் கையில் இருப்பது பிரஷர், சர்க்கரை, காது கேட்பது இவற்றைச் சரியாகப் பார்த்துக்கொள்வதும் குடியைக் குறைப்பதும்தான். எடைக் கணக்கில் தப்பு வர ஆரம்பித்தால், தெரிந்த வழியே குழம்பினால், மனைவி கவனித்துச் சொன்னால், அப்போது டாக்டரிடம் போங்கள். தைராய்டு, பி12 குறைவு போன்றவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்ய முடியும்.

எதைப் பார்த்தால் நோய் என்று சந்தேகப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு வெளியேயும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, வேலைக்குப் போக முடியாமல் ஆவது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு. மன அழுத்த நோய் இப்படித்தான் வரும். அதுபோக, நெருங்கியவர் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும், அன்றாட வாழ்க்கை நடத்த முடியாத அளவுக்கு ஏக்கமும் வலியும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அதை நீடித்த துக்கம் என்று தனியாகவே பெயரிட்டு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், கணக்கு எழுதுகிறீர்கள், தோட்டத்தில் காரட் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு வருடம் ஆகிவிட்டது, இரவு தூக்கமும் கெடுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து இல்லை என்று நான் முத்திரை குத்தமாட்டேன். ஒரு தடவை நேரில் காட்டிவிடுவது நல்லது.

நான் பயப்படுவது குவார்ட்டருக்கு

உங்கள் நான்கு பக்கத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்த ஒரு சொல். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஒரு டீ குடித்தேன் என்பதுபோல. வாரத்தில் மூன்று நான்கு இரவு, தனியாக, சோகத்துக்காகவே குடிப்பது. குடித்தால் அழுகை சுலபமாக வரும், உண்மைதான். ஆனால் அப்படி அழுத அழுகை மனதைக் கழுவுவதில்லை, மறுநாள் அதே இடத்தில் அதே கனத்தோடு இருக்கும், கூடவே தலைவலியும் வெட்கமும். குடித்துத் தூங்கும் தூக்கமும் பாதி இரவில் கலைந்துவிடும். மனச்சோர்வு இல்லாதவருக்கும் நாளடைவில் குடி அதைக் கொண்டுவரும்.

தூக்க மாத்திரையை நண்பர் வாங்கித் தந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். டாக்டர் பார்க்காமல் எடுக்கும் தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்திவிடும், உயிருக்கு ஆபத்து. மன அழுத்தத்துக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை வேறு வகை, தேவைப்பட்டால் அதைச் சாப்பிடுவதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் தேவையா என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். தினமும் குடிக்கும் அளவுக்குப் போயிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் கை நடுக்கம், வலிப்புவரை போகலாம், டாக்டரிடம் உண்மையான அளவைச் சொல்லிக் குறையுங்கள்.

ஃபேக்டரியில் தெரிந்துவிடுமோ என்று எழுதியிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரம் ரகசியமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டர் அதை உங்கள் முதலாளியிடமோ மச்சானிடமோ போய்ச் சொல்ல முடியாது. அரசு மாவட்ட மனநலத் திட்டம் நீலகிரியிலும் இருக்கிறது. ஊட்டிக்குப் போக லீவு கிடைக்காவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்பார்கள், மனநல உதவிக்கான அரசு எண், இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், எத்தனை மணி ஆனாலும் அந்த நிமிடமே போன் செய்யுங்கள், மனைவியையும் எழுப்புங்கள்.

கத்திய அந்த நாள்

இதைப் பற்றி நீங்கள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் மை கலைந்திருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் வரும் மறதி வேறு, உங்கள் அம்மாவுக்கு வந்தது வேறு. விபத்தில் அடிபட்டுக் குழந்தைபோல் ஆனவர், குணமான அன்றே நடுவில் நடந்ததை எல்லாம் துடைத்துவிட்டதுபோல் மறந்துபோவது கதைக்காகச் செய்தது, நிஜத்தில் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. வயதில் வரும் மறதி நோயில் புதிய ஞாபகம் முதலில் போகும், பழையது நெடுநாள் தங்கும். உங்கள் அம்மாவின் நெஞ்சில் கடைசிவரை நின்றது அந்தத் தோட்டமும் தராசும். அவர் கண்ணுக்குத் தெரிந்த மகன் இடுப்பில் இருந்த இரண்டு வயதுப் பிள்ளை. முன்னால் நிற்கும் 50 வயது ஆள், அதுவும் சட்டைப் பையில் நோட்டும் பேனாவும் வைத்திருப்பவர், அவருடைய உலகத்தில் வேறு யாராக இருக்க முடியும்? அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை. அந்த உலகத்தில் உங்களுக்குப் பொருந்திய ஒரே இடத்தில் உங்களை வைத்தார்.

இப்படிப்பட்டவர்களைத் திருத்தப் பார்த்தால் பயந்துபோவார்கள், அவர்கள் இருக்கும் காலத்துக்கு நாம்தான் போக வேண்டும். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதை நாங்கள் சொல்லித்தருவோம். உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பகலெல்லாம் எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா உங்களை யாரோ என்று கும்பிடுவதைப் பார்த்துக் கத்தினீர்கள். கத்தியது அம்மாவைக் காயப்படுத்த இல்லை, என்னைப் பார் என்று கெஞ்சியது அது. கேத்தி ஸ்டேஷனில் சீனு கத்துவதைக் கேட்டு யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்வதில்லையே. பயந்தது பயந்ததுதான், அதை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை, அதற்காக அம்மாவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கலாம், அவருடைய போட்டோவுக்கு முன்னால் நின்று வாய்விட்டே கேட்கலாம்.

ஆனால் அதே கடிதத்தில், யாரும் சொல்லித்தராமலே, நோட்டை எடுத்து 32 றாத்தல் என்று எழுதிக் காட்டியவரும் நீங்கள்தான். படித்தவர்கள் பயிற்சியில் கற்றுக்கொள்வதை நீங்களாகக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறீர்கள். வாழ்க்கை முழுக்கத் தராசு முன்னால் பயந்து நின்ற ஒரு பெண்ணுக்கு, ஒரு கிராம் குறையாமல் ஒருவர் கணக்கு எழுதிக் காட்டியிருக்கிறார். அம்மா சிரித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரவில் கத்திய நாளை எத்தனை தடவை நினைக்கிறீர்களோ, அதில் பாதித் தடவையாவது இந்த நாளையும் நினைக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

படத்தை விட வேண்டாம், முழுதாகப் பாருங்கள்

விட்டுவிடவா என்று கேட்டீர்கள். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அடியோடு நிறுத்துவது. நிறுத்தினால் அழுகை வேறு வாசல் தேடும், பஸ்ஸில் வரும் பாட்டை எப்படி நிறுத்துவீர்கள்? இரண்டு, இப்போதுபோலவே தொடர்வது. அது புண்ணின் பக்கைத் தினமும் கிள்ளுவதுபோல, ஆறவே ஆறாது. நான் சொல்வது மூன்றாவது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் அது. அதில் அவள் அவனை மறப்பது கடைசிப் பத்து நிமிடம்தான். அதற்கு முன்னால் என்னவெல்லாம் இருக்கிறது! அவளுக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது, அடம் பிடித்தால் சமாதானம் செய்வது, சுப்பிரமணி என்று பெயர் வைத்த நாய்க்குட்டி, கவிஞர் கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் என்று சொல்லப்படும் ‘கண்ணே கலைமானே’ என்ற அந்தத் தாலாட்டு. அத்தனையும் இருப்பதால்தான் அந்தப் பத்து நிமிடம் நெஞ்சைப் பிளக்கிறது. நீங்கள் அன்பு இருந்த பகுதியை எல்லாம் தள்ளிவிட்டு, மறந்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். அம்மாவையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு பக்கத்தில் அந்த ஒன்றரை வருடம்தான் நிறைய இருக்கிறது. அதற்கு முன் உங்களை வளர்த்த ஐம்பது வருடத்துக்கு இரண்டு வரி. அவர் என்ன சமைப்பார், என்ன பாட்டுப் பாடுவார், பனிக்கால விடியலில் கொழுந்துக்குக் கிளம்பும்போது உங்களை எதில் போர்த்திவிட்டுப் போவார், எனக்கு எதுவுமே தெரியவில்லை.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், குடிக்காமல், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் போடுவதிலிருந்து பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும், எழுந்து விறகு எடுக்கப் போகாதீர்கள். முடிந்ததும் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பற்றி ஒரு பத்து நிமிடமாவது பேசுங்கள். மனைவிக்கும் சொல்ல நிறைய இருக்கும், அந்த அறைக்குள் நீங்கள் போகாத நாட்களில் சோறு ஊட்டியது அவர்தானே. இரவில் தனியாகப் பார்ப்பதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மகள்

அவள் செய்தது தப்பு. அழுகிற ஒருவரை அவருக்குத் தெரியாமல் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது யார் செய்தாலும் தப்பு, அதை நீங்கள் கோபம் இல்லாமல் நேராகச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், இன்னொரு தடவை கேட்காமல் எடுக்காதே என்றும் சொல்லலாம். ஆனால் அவள் உங்களைக் கேவலப்படுத்த நினைத்தாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. பாட்டி சாவில்கூட அழாத அப்பா போனைப் பார்த்து அழுகிறார் என்றால், அந்தப் பிள்ளைக்குச் சினிமா மட்டும்தான் தெரியும். நீங்கள் மூன்றாம் பக்கத்தை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவள் விடுதியில் இருந்த காலத்தில் அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியுமா?

அந்தப் பாக்கெட் நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய கணக்கு நோட்டுகளோடு பரணில் கிடக்கும் என்று நினைக்கிறேன், தேடி எடுங்கள். மகள் அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுங்கள். றாத்தல் என்றால் என்னப்பா என்று கேட்பாள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.